புழக்கடைப் பட்டறை

கோயமுத்தூரின் தொழில் வளத்தைப் பற்றி எழுதப் புகுகிறவர்கள், 1888-ஆம் ஆண்டில் ராபர்ட் ஸ்டேன்ஸ் முதலியோர் தொடங்கிய நூற்பாலையிலிருந்து ஆரம்பித்து, அதற்குப் பின் எழுந்த மில்களின் புகைபோக்கிகளை எண்ணிக்கொண்டே போய், கடைசியில் மோட்டார், பம்பு, மாவாட்டும் கிரைண்டர் என்று பெயர்களை அடுக்கி முடித்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. அந்த மோட்டாரும் பம்பும் எந்தக் கூரையின் கீழே, எந்தத் தரையின்மேல் செய்யப்பட்டன என்று கேட்பவர் அரியர். கேட்டால், அதற்கு விடை மில் காம்பவுண்டுக்குள் கிடைக்காது; வீட்டுக்குப் பின்புறம், கிணற்றடிக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் நடுவே, ஆறோ எட்டோ மரத்தூண்களை நிறுத்தி, மேலே சீமை ஓடு வேய்ந்து, கீழே சிமெண்டுக் கான்கிரீட் போட்ட கொட்டகையிலேதான் கிடைக்கும். கொங்கு நாட்டார் புடக்காளி என்று சொல்லும் அந்தப் புழக்கடையே இப்பகுதி யந்திரத் தொழிலின் தொட்டில் என்பது என் துணிபு. அதிலும் கூரைக்கும் தூணுக்கும் சேராத ஒரு பெருமை தரைக்குச் சேரவேண்டும் என்பதையே இங்கு விஸ்தரிக்க விரும்புகிறேன்.

நொய்யல் கரையில் பட்டறை என்பது நேற்று முளைத்த காரியமன்று. கோயமுத்தூரைத் தொட்டுக்கொண்டு கிழக்கே ஓடிக் காவிரியில் கலக்கும் அவ்வாற்றின் வடகரையில், பதிற்றுப்பத்திலே கொடுமணம் என்று பெயர்பெற்ற ஊர் இன்றும் கொடுமணல் என்ற பெயரோடு ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. 1985-ஆம் ஆண்டு முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் அங்கே பல பருவங்களில் அகழ்ந்தபோது, இரும்பு உருக்கிய உலைகளும், மணிக்கற்களைச் செதுக்கும்போது சிதறிய சில்லுகளும், துளையிடப்படாமல் பாதியில் நின்றுவிட்ட மணிகளும், சங்கை அறுத்து வளையல் செய்தபின் எஞ்சிய துண்டுகளும், தமிழ் பிராமி எழுத்தில் பெயர் கீறிய பானையோடுகளும் வெளிப்பட்டன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே படியூர்ப் பக்கத்துப் பச்சைக்கல்லும் சென்னிமலைப் பக்கத்து இரும்புத்தாதும் வந்து சேர்ந்த தொழிற்பேட்டை அது என்று சொன்னால் மிகையாகாது. இவற்றிடையே, பார்வைக்கு யாதொரு சிறப்பும் இல்லாத வேறொன்றும் கிடைத்தது. அதாவது, தூண் நட்ட குழிகள். மரம் மக்கி மறைந்துவிடும். ஆனால் அது நின்ற குழியில் காலக்கிரமத்தில் வந்து நிரம்பும் மண், சுற்றியுள்ள இறுகிய மண்ணினும் நெகிழ்ச்சியாகவும் நிறம் வேறாகவும் இருக்கும். ஆய்வாளர் சிறு கரண்டியால் அந்த நெகிழ்ந்த மண்ணை மட்டும் வழித்தெடுக்கும்போது, தூணின் கனம் எவ்வளவு, எவ்வளவு ஆழம் இறக்கியிருந்தார்கள், கொட்டகை வட்டமா சதுரமா என்பனவெல்லாம் ஒவ்வொன்றாகப் புலப்படும். தங்கமும் மணியும் தராத சரித்திரத்தை இந்த வெறுங்குழிகள் தருகின்றன என்பேன்.

கொடுமணலுக்குப் பின் பல நூற்றாண்டுகள் கழித்து, பட்டறைக்காரனின் வீட்டைப் பற்றி நமக்குக் கிடைக்கும் செய்தி வேறு விதமானது. கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலில், கோனேரின்மை கொண்டான் என்ற பட்டம் தாங்கிய அரசன் ஒருவன் வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்கு வழங்கிய சாஸனம் ஒன்று இருக்கிறது. தன்னுடைய பதினைந்தாம் ஆட்சியாண்டில் ஆடி மாதம் முதற்கொண்டு, அவர்கள் தங்கள் நன்மை தின்மைகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது காலில் செருப்பு அணியலாம், தங்கள் வீட்டுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அவன் அநுமதி தருகிறான். சங்கும் பேரிகையும் செருப்பும் ஒரு பக்கம் இருக்கட்டும். சாந்து பூசிக்கொள்ள அரசாணை வேண்டியிருந்தது என்ற செய்தியைச் சற்று நின்று எண்ணவேண்டும். கோயிலின் கலசத்தையும், கோட்டையின் கதவையும், உழவனின் கொழுவையும் செய்து கொடுத்த கையே, தன் வீட்டுச் சுவரில் சுண்ணாம்புச் சாந்தை இழைக்க அதுகாறும் உரிமை பெறாதிருந்தது. மண்சுவரும் மண்தரையும் வறுமையினால் மாத்திரம் வந்தவையல்ல, வழக்கத்தினால் விதிக்கப்பட்டவையுமாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. நம் நாட்டுச் சிற்பக் கலையின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்தச் சாஸனத்தையும் கூடவே பேசுவது நியாயம்.

ஆயினும் மண்தரை கொல்லனுக்கு அநுகூலமாகவே இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கொல்லம்பட்டறையில் உலை தரையிலேயே குழியாக இருக்கும். துருத்தியின் மூக்கு மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். பட்டடைக்கல்லைத் தாங்கும் மரக்குற்றி முழங்கால் ஆழத்துக்கு மண்ணில் இறங்கி நிற்கும். சம்மட்டி விழும்போதெல்லாம் அந்த அதிர்ச்சியை மண் வாங்கிக்கொள்ளும். பழுக்கக் காய்ந்த இரும்பு கைதவறி விழுந்தாலும் தரைக்குச் சேதமில்லை. குழி விழுந்த இடத்தில் ஒரு கூடை மண்ணைக் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்து, மேலே சாணம் மெழுகிவிட்டால் மறுநாள் காலையில் வேலைக்கு ஆயத்தமாகிவிடும். நாலு தூணும் ஒரு கூரையும் வெயிலுக்கு மறைப்பாக இருந்தால் போதும், சுவரே வேண்டியதில்லை. சுவர் இருந்தால் புகை போகாது, காற்று வராது, கொழு அடிக்க வந்த குடியானவர் உட்கார்ந்து ஊர்க்கதை பேசத் திண்ணையும் இராது.

அந்தத் தூண்களின் கதை தனிக் கதை. வசதிக்குத் தக்கபடி பனை, வேம்பு, கருவேலம், தேக்கு என்று மரம் மாறும். பனைமரத்தில் வெளிவட்டம் மட்டுமே வைரம், உள்ளே வெறும் சோறு; ஆதலால் முதிர்ந்த மரமாகப் பார்த்து வெட்டாவிட்டால் காசும் கூலியும் வீண். எந்த மரமானாலும் அதன் சத்துரு கறையானும் ஈரமுமேயன்றி மேலிருந்து இறங்கும் பாரமன்று. நட்ட தூணைச் சில வருஷங்கள் கழித்துப் பிடுங்கிப் பார்த்தால், ஆழத்தில் இருக்கும் அடிமுனை அநேகமாகக் கெடாமல் இருக்கும். மேலே காய்ந்த பகுதியும் நன்றாக இருக்கும். தரைமட்டத்தை ஒட்டிய ஒரு சாண் மட்டும் இற்றுப்போயிருக்கும். ஈரமும் காற்றும் ஒருங்கே கிடைக்கும் இடம் அதுவாதலால், மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு அங்கேதான் வாழ்வு. இதை நன்றாக அறிந்திருந்த நம் தச்சர்கள், வசதி இல்லாதபோது அடிமுனையை நெருப்பில் கருக்கியோ தார் பூசியோ நட்டார்கள். வசதி உள்ளபோது தூணை மண்ணிலேயே இறக்காமல், தரைக்கு மேலே ஓரிரு சாண் உயரம் எழும்பிய கருங்கல் அடிக்கல்லில் குழி வெட்டி, தூணின் அடியில் முளை செதுக்கி, அதற்குள் அமரவைத்தார்கள். செட்டிநாட்டு வளவுகளில் பர்மாத் தேக்குத் தூண்கள் கல்மேல் நிற்கும் அதே யுக்திதான் ஏழைப் பட்டறையிலும் இருந்தது.

இங்கே ஒரு கிளைக்கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1933-ஆம் ஆண்டில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சொந்தி காமேசம் என்னும் ஆந்திர தேசத்து விஞ்ஞானி, செம்பு, குரோமியம், பாஷாணம் (ஆர்சனிக்) ஆகிய மூன்றின் உப்புகளையும் நீரில் கரைத்து, அழுத்தத்தினால் மரத்தின் நரம்புக்குள் ஏற்றிவிட்டால் கறையானும் பூஞ்சையும் அணுகா என்று கண்டுபிடித்தார். செம்பும் பாஷாணமும் மழையில் கரைந்து ஓடிவிடாதபடி மரத்தோடு பிணைத்துவைப்பது குரோமியத்தின் வேலை. ஆஸ்கு என்று பெயர்பெற்ற அந்த மருந்து அமெரிக்காவுக்குச் சென்று, தந்திக் கம்பங்களுக்கும் மின்சாரக் கம்பங்களுக்கும், அந்நாட்டு விவசாயிகள் கம்பங்களை நேரே மண்ணில் நட்டு எழுப்பும் களஞ்சியங்களுக்கும் கொல்லைப்புறத்துத் தொழிற்கூடங்களுக்கும் பல தலைமுறை உபயோகப்பட்டது. பாஷாணத்தின் தீங்கைக் கருதி, 2003-ஆம் ஆண்டு இறுதியோடு வீட்டு உபயோக மரங்களுக்கு அதை ஏற்றுவதை அங்கே நிறுத்திவிட்டார்கள். நம் நாட்டில் பிறந்த சரக்கு நம் புழக்கடைக்கு வந்து சேராமல் கடல் கடந்து அந்நியர் புழக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது விந்தையே.

மறுபடியும் தரைக்கு வருவோம். மண்ணைவிட உறுதியான தரை போடும் வித்தை நம்மவர்க்குத் தெரியாததன்று. கிளிஞ்சலையோ சுக்கான் கல்லையோ காளவாயில் சுட்டு நீற்றி, மணலும் செங்கல் தூளான சுர்க்கியும் சேர்த்து, காளை பூட்டிய கல்செக்கில் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்த சுண்ணாம்புக் காரை, கோயில் மண்டபங்களிலும் சீமான்கள் வீட்டுக் கூடங்களிலும் தலைமுறை தலைமுறையாக நின்றது. ஆனால் அந்தக் காரைக்குப் பொறுமை அதிகம் வேண்டும். அரைக்க நாட்கள், இறுக வாரங்கள், முழு வலுவை அடைய மாதங்கள் என்று அது தன் போக்கில் போகும். அன்றியும், கொல்லனுக்கு அது தேவைப்படவும் இல்லை. தேவைப்பட்டிருந்தாலும் செலவு தாங்காது. பட்டறைத் தரை மாறவேண்டுமானால் பட்டறையில் நடக்கும் தொழில் மாறவேண்டும்.

அந்த மாறுதல் கிணற்றிலிருந்து வந்தது. கொங்கு நாடு மழை குறைந்த பூமி, கிணறுகள் ஆழமானவை, எருது பூட்டிக் கவலை இறைத்தே இங்கு வேளாண்மை நடந்தது. கம்போடியாப் பருத்தி என்னும் நீண்ட இழைப் பயிர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து பரவியபோது, அதற்குக் கிணற்றுப் பாய்ச்சல் இன்றியமையாததாயிற்று. சென்னை ராஜதானியில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்ற ஆங்கில அதிகாரி, எண்ணெய் எஞ்சினால் நீர் இறைப்பதை ஊக்கினார். எஞ்சின் வந்தது, பழுதும் கூடவே வந்தது. இங்கிலாந்திலிருந்து உதிரிபாகம் வரும்வரை பருத்திச்செடி காத்திருக்குமா? உள்ளூர்க் கொல்லனிடமும் தச்சனிடமும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர்களும் உடைந்ததைப் பார்த்து அதேபோல் செய்தார்கள். மில்களில் உடைந்த சக்கரங்களும் அதே புழக்கடைக்கே வந்தன. 1926-ல் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தர்ம ஸ்தாபனத்தார் தொடங்கிய தொழிற்பயிற்சிக் கூடம், கம்மாளர் குடும்பத்துக்கு வெளியே இருந்த குடியானவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ராவுகோலும் லேத்தும் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது. 1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. அந்த மின்சாரம் மலையிலிருந்து இறங்கிக் கோயமுத்தூரை அடைந்ததும், எஞ்சின் வாங்க வகையில்லாதவனும் ஒரு மோட்டாரை வைத்துக்கொண்டு பட்டறை போடலாம் என்ற நிலை உண்டாயிற்று. சில ஆண்டுகளுக்குள் ஜி. டி. நாயுடு, டி. பாலசுந்தரம் முதலியோரின் முயற்சியால் அந்த மோட்டாரையே இந்த ஊரில் செய்யலானார்கள்.

ஆரம்ப காலத்துப் பட்டறைகளில் ஒவ்வொரு லேத்துக்கும் ஒரு மோட்டார் கிடையாது. ஒரே மோட்டார், கூரைக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ஒரு ஷாப்டைச் சுழற்றும். அந்த ஷாப்டிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி லேத், துளைபோடும் யந்திரம், சாணை ஆகியவற்றைத் தனித்தனியே ஓட்டும். அந்த ஷாப்டைத் தாங்கும் பிராக்கெட்டுகளை மரத்தூணிலும் விட்டத்திலும் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். கூரையைச் சுமக்க வந்த தூண் இவ்விதம் யந்திரத்தின் ஓர் உறுப்பாகிவிட்டது. தூண் அரை அங்குலம் ஆடினால் மேலே ஷாப்ட் வளையும், பெல்ட் புல்லியை விட்டு நழுவி அறுந்து, அருகே நிற்பவன் முகத்தில் அறையும். ஆகையால் தூண்களுக்குக் குறுக்குச் சட்டம் கொடுத்தார்கள். அப்படியும் அடிமண் மழைக்காலத்தில் இளகினால் சட்டத்தால் என்ன பிரயோஜனம்? லேத்தின் கதையும் இதுவே. அது நிற்கும் படுக்கை மயிரிழை சாய்ந்தாலும், கடையும் உருளை ஒரு முனையில் பருத்தும் மறு முனையில் சிறுத்தும் வரும். காலையில் ரசமட்டம் வைத்து நிமிர்த்திய யந்திரம் மாலைக்குள் மண்ணில் ஒரு பக்கம் அமிழ்ந்துபோகும் தரையில், நூலில் பத்தில் ஒரு பங்கு துல்லியம் கேட்கும் வேலையை எப்படிச் செய்வது? சம்மட்டிக்கு நண்பனாயிருந்த மண், லேத்துக்குப் பகையாயிற்று.

இந்தச் சமயத்தில்தான் சிமெண்டு வந்தது. 1824-ல் லீட்ஸ் நகரத்துக் கொத்தர் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கி ஒரு நூற்றாண்டு கழிந்திருந்தது. இந்தியாவில் 1904-ல் சென்னையில் செய்த முதல் முயற்சி நிலைக்கவில்லை. 1914-ல் போர்பந்தரில் தொடங்கிய ஆலையே வேரூன்றியது. 1930-களில் கோயமுத்தூருக்குத் தெற்கே சில மைல் தொலைவில், மதுக்கரைச் சுண்ணாம்புக்கல் குன்றை ஒட்டி ஒரு சிமெண்டு ஆலை எழுந்தது. பைக்காரா மின்சாரமும் மதுக்கரைச் சிமெண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஒரே ஊருக்கு எட்டும் தூரத்தில் கிடைத்ததை இந்நகரின் பாக்கியம் என்றுதான் சொல்லவேண்டும். ஒன்று யந்திரத்தை ஓட்டியது. மற்றது அது நிற்க இடம் கொடுத்தது. முன்னதைப் புகழாதவர் இல்லை. பின்னதைப் பற்றி ஒரு வரிகூட எழுதியவர் அரியர்.

பழைய கொத்தனார்கள் பட்டறைத் தரை போட்ட முறையைச் சற்று விரிவாகவே சொல்லலாம். முதலில் மேல்மண்ணை வெட்டி எறிந்துவிட்டு, சரளை கொட்டித் தண்ணீர் விட்டுத் திமிசு போடுவார்கள். திமிசுக்கட்டை துள்ளி எழும்பும் அளவுக்கு அடிமண் இறுகினால்தான் மேலே வேலை. அதன்மேல் செங்கல் ஜல்லியோ பெரிய கருங்கல் ஜல்லியோ பரப்பி, சிமெண்டு ஒரு பங்கு, மணல் நாலு பங்கு, ஜல்லி எட்டுப் பங்கு என்று வலுக் குறைந்த கலவையை இடிப்பார்கள். பிறகு ஒன்று, இரண்டு, நாலு என்ற கணக்கில் நல்ல கலவையை நாலங்குலக் கனத்துக்குப் போடுவார்கள். இரும்புச் சட்டியில் ஆள்மாற்றி ஆள் கைக்குக் கொடுத்து வந்த கலவையை மட்டப்பலகையால் அறுத்து, கரணையால் தேய்த்து, நீர் மினுமினுப்பு அடங்கியதும் சிமெண்டுப் பால் ஊற்றி வழவழப்பாக்குவார்கள். லேத் நிற்கவேண்டிய இடத்தில் மட்டும் ஓரடி ஒன்றரையடி ஆழம் கூடுதலாக வெட்டி, போல்ட்டுகளுக்காக மரக்கட்டைகளை வைத்துச் சதுரப் பொந்துகள் விட்டுவைப்பார்கள். பின்னர் யந்திரத்தை நிறுத்தி, தகட்டுச் சீவல்களை அடியில் செருகி ரசமட்டம் பார்த்து, போல்ட்டைத் தொங்கவிட்டுப் பொந்துகளில் குழம்புச் சிமெண்டை ஊற்றி நிரப்புவது வழக்கம். தரை இறுகத் தொடங்கிய மறுநாள், வயலில் கட்டுவதுபோலவே களிமண்ணால் சிறு சிறு பாத்திகள் கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். இரண்டு வாரம் அந்தத் தண்ணீர் வற்றாதபடி பார்த்துக்கொள்வது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் பொறுப்பாக இருந்தது. அவசரப்பட்டுப் பத்தாம் நாளே லேத்தை ஏற்றியவர்களின் தரையில் வெடிப்பு ஓடியதைக் காட்டி, பொறுத்தவர்களின் தரையை உதாரணமாகச் சொல்வது கொத்தனார்களின் வாடிக்கை.

ஆவாரம்பாளையத்துச் சந்து ஒன்றில் அத்தகைய கொட்டகை ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். தரையின் பெரும்பகுதி எண்ணெய் ஊறிக் கறுத்து, தோல்போல் மெருகேறியிருந்தது. லேத்காரர் நிற்கும் இடத்தில் மட்டும் இரண்டு பாதங்களின் அளவுக்கு ஜல்லி தெரியத் தேய்ந்திருந்தது. தூண்களில் ஒன்றில், எப்போதோ கழற்றிவிட்ட ஷாப்ட் பிராக்கெட்டின் நான்கு போல்ட் துளைகள் அப்படியே இருந்தன; அவற்றில் ஒன்றில் ஆணி அடித்து நாட்காட்டி மாட்டியிருந்தார்கள்.

கான்கிரீட் எல்லாத் தொழிலையும் வென்றுவிட்டது என்று எண்ணவேண்டா. உருகிய இரும்பைக் கண்டால் அது தோற்றுவிடும். கான்கிரீட் எவ்வளவு உலர்ந்திருந்தாலும் அதன் உள்ளே ஈரம் உண்டு. காய்ச்சிய உலோகம் அதன்மேல் சிந்தினால் அந்த ஈரம் கணத்தில் ஆவியாகித் தரையைப் பெயர்த்து, உலோகத்தைச் சுற்றிலும் தெறிக்கவிடும். ஆகவே வார்ப்படம் செய்யும் ஃபவுண்டரிகள் மணல்தரையை விடவில்லை, இன்றும் விடுவதில்லை. மோல்டிங் செய்பவர் கொடுமணல் தொழிலாளியைப்போல் மண்மேல் குந்தி உட்கார்ந்தே வேலை செய்கிறார். அடுத்த கூரையின் கீழே லேத்காரர் சிமெண்டின்மேல் நிற்கிறார். முன்பு ஒரே பட்டறையில், பல சமயம் ஒரே ஆளால் நடந்த இரு வேலைகள் இரண்டு தொழில்களாக, இரண்டு கூலிகளாக, நாளடைவில் இரண்டு மதிப்புகளாகப் பிரிந்ததற்குக் காரணங்கள் பல உண்டென்றாலும், தரையும் அவற்றுள் ஒன்று என்று நான் நிச்சயமாகச் சொல்வேன். மண்ணில் குந்தினவனைவிடச் சிமெண்டில் நின்றவனுக்கு நம் சமூகம் ஒரு படி அதிக மரியாதை கொடுத்தது. அது வேலையின் அருமையை அளந்து கொடுத்த மரியாதையன்று.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் சிமெண்டுக்குக் கட்டுப்பாடு வந்தது. பின்னரும் நெடுங்காலம் நீடித்தது. 1982-ல்தான் ஓரளவு தளர்த்தினார்கள். அந்த ஆண்டுகளில் பத்து மூட்டைக்குப் பர்மிட் வாங்க நடந்த நடையைச் சொன்னால் அது தனிக் கட்டுரையாகிவிடும். எனினும் பட்டறைகள் பெருகின. 1955-ல் பி. சபாபதி மின்சாரத்தால் ஓடும் மாவாட்டும் கிரைண்டரைச் செய்தபின், கல்லைக் கொத்துபவருக்கு ஒரு கொட்டகை, டிரம் அடிப்பவருக்கு ஒரு கொட்டகை, மோட்டார் சுற்றுபவருக்கு ஒரு கொட்டகை என்று ஒரே சாதனத்தின் அங்கங்கள் பத்துப் புழக்கடைகளில் பிறந்து ஒரு கடையில் வந்து சேர்ந்தன. 1958-ல் சென்னைக் கிண்டியில் தொடங்கிய தொழிற்பேட்டை முறை, பட்டறையை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோய், அகலமான சாலையும் கழிவுநீர் வாய்க்காலும் உள்ள இடத்தில் வைக்க முயன்றது. அதில் சௌகரியம் உண்டு. ஊர்க்காரர் காதுக்கும் நிம்மதி உண்டு. ஆயின் அடுப்படியிலிருந்தே பட்டறையைக் கவனித்துக்கொண்டு, கூலிக்கணக்கு எழுதி, பார்சல் கட்டி, பாதித் தொழிலை நடத்திய வீட்டுப் பெண்கள் தொழிற்பேட்டைக்கு வரவில்லை. அவர்கள் உழைப்பு எந்தக் கணக்கிலும் முன்பு ஏறியதில்லையாதலால், அது நின்றுபோனதும் எந்தக் கணக்கிலும் தெரியவில்லை.

இன்று புதிதாகக் கொட்டகை போடுகிறவர்கள் இரும்புக் குழாயும் தகட்டுக் கூரையுமாகப் போடுகிறார்கள். மரத்தில் ஆசையுள்ள சிலர் மட்டும் பழைய வீடு இடித்த இடத்தில் தேக்குத் தூண்களை வாங்கிவந்து, அவற்றைக் கான்கிரீட்டுக்குள்ளேயே இறக்கிப் புதைத்துவிடுகிறார்கள். உறுதியாக இருக்கும் என்று எண்ணம். மரம் வெயிலில் சுருங்கும்போது கான்கிரீட்டுக்கும் அதற்கும் இடையே ஒரு சந்து விழும். மழைநீர் அங்கே இறங்கி வெளியேற வழியின்றி நிற்கும். மண்ணில் நட்ட தூணைவிட விரைவில் இது இற்றுப்போகும். கருங்கல் அடிக்கல்லின்மேல் தூணை ஏற்றிவைத்த பழைய தச்சரின் முறையே இதில் உசிதமானது.

பீளமேட்டிலும் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் எஞ்சியிருக்கும் பழைய புழக்கடைப் பட்டறைகளை, மனையின் விலை கருதி ஒவ்வொன்றாக இடித்துவருகிறார்கள். இடிப்பதை வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. இடிப்பதற்கு முன்பு ஒரு நாள், தூண் எந்த மரம், எத்தனை அடி உயரம், தரை எவ்வளவு கனம், லேத் எங்கே நின்றது, ஷாப்ட் எங்கே ஓடியது என்று அளந்து, ஒரு படமும் போட்டுவைக்கும்படி அந்த வீட்டாரையும் இந்நகரின் பொறியியல் கல்லூரி மாணவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.